நூலும் குண்டும் நிழலும்

பள்ளிக்கூடத்துக் கணக்குகளுள் ஒரு கோபுரம் அடிக்கடி வரும். அதன் அடியிலிருந்து இத்தனை மீட்டர் தொலைவில் ஒருவன் நிற்பான். உச்சியின் ஏற்றக் கோணம் 60 பாகை என்பான். உயரம் காண்க என்று வினா முடிந்துவிடும். பரீட்சைக்கு முன்பு இத்தகைய கணக்குகளை ஐம்பது, அறுபது என்று செய்து தீர்க்கும் மாணாக்கர் பலர். அவர்களுள் ஒருவரைத் தெருக்கோடியில் நிற்கும் மெய்யான கோபுரத்தின் முன் நிறுத்தி, "தம்பி, இதன் உயரம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விழிப்பர். கணக்கில் வந்த மனிதனுக்கு அந்தக் கோணத்தைச் சொன்னவர் யார்? எந்தக் கருவியைக் கொண்டு அவன் அளந்தான்? இவற்றை அவர்களுக்கு எவரும் காட்டியதில்லை.

நேயர்களே, இது சிறு குறை போலத் தோன்றலாம். ஆனால் இதனால் விளையும் கேடு சிறிதன்று. பதினைந்து வயதில், சைன், கொசைன், டேன்ஜன்ட் என்னும் மூன்று சொற்களும் ஒரு வாய்பாடும் திடீரென்று கரும்பலகையில் வந்து நிற்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று தெரியாத மாணவன், அவற்றை மந்திரம் போல் உருப்போடுகிறான். ஒரு மாதம் கழித்து மந்திரம் மறந்துபோகிறது. அப்போது அவன், "இது எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முறை சரியில்லை" என்று எண்ணுவதில்லை. "கணக்கு எனக்கு வராது" என்றே முடிவு கட்டிவிடுகிறான். அந்த ஒரு முடிவால் பொறியியல், நில அளவை, கப்பல் தொழில், கட்டடக் கலை ஆகிய இத்தனை வாயில்களும் அவனுக்கு அடைபட்டுப் போகின்றன. திரிகோண கணிதத்தை, இக்காலப் பாடநூல்கள் கூறுகிறபடி முக்கோணவியலை, கையால் செய்யும் விளையாட்டுகளாலும் புதிர்களாலும் கற்பிக்கலாம் என்று நான் கூறுவதற்குக் காரணம் இதுவே. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது என் நோக்கமன்று. இந்தக் கணிதம் பிறந்ததே கையளவிலும் கண்ணளவிலும்தான். அது பிறந்த வழியிலேயே அதனைக் கற்றால் கசப்பு என்பதே இராது.

முதலில் விகிதம் என்னும் கருத்தைப் பார்ப்போம். திரிகோண கணிதத்தின் உயிர்நிலை இதுதான். வகுப்பில் நாற்பது மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய அளவில் ஒரு செங்கோண முக்கோணம் வரையட்டும். ஒரு கோணம் மட்டும் 35 பாகையாக இருக்க வேண்டும். ஒருவர் நோட்டுப் புத்தகத்தின் மூலையில் தபால்தலை அளவுக்கு வரைவார்; மற்றொருவர் தாள் முழுவதையும் அடைத்து வரைவார்; குறும்புக்காரர் ஒருவர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு தரையில் இரண்டு மீட்டர் நீளத்திற்கு வரைவார். வரையட்டும். பின்பு அந்தக் கோணத்திற்கு எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்து, வரும் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். சீட்டுகளைப் பிரித்துப் படிக்கும்போதுதான் வியப்பு உண்டாகும். சிலருக்கு 0.56 வந்திருக்கும், சிலருக்கு 0.58 வந்திருக்கும், பெரும்பாலோருக்கு 0.57 வந்திருக்கும். தபால்தலையும் தரையும் ஒரே எண்ணைச் சொல்லுகின்றன! அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வேண்டுமன்றோ? அப்போது "சைன் 35" என்னும் பெயரை ஆசிரியர் சொல்லலாம். பொருளைக் கண்ட பின் பெயரைக் கேட்பவனுக்கு அது மறப்பதில்லை.

பெயரைச் சொன்னோம். அதன் வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்கிறோம். அதன் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டை நாண் என்கிறோம். வடமொழியில் நாணுக்கு 'ஜ்யா' என்றும் 'ஜீவா' என்றும் பெயர். கி.பி. 499-ஆம் ஆண்டளவில் ஆரியபட்டர் இயற்றிய நூலில் முழு நாணை விட்டு அரை நாணையே அட்டவணைப்படுத்தினார். அந்த அரை நாணே இன்றைய சைன். 'ஜீவா' என்ற சொல் அரபு நாட்டாரிடம் சென்றபோது, உயிரெழுத்துகளை விட்டு எழுதும் அவர்கள் வழக்கத்தால், மடிப்பு அல்லது சட்டையின் மார்புப்புறம் என்று பொருள்படும் 'ஜைப்' என்னும் சொல்லாகப் படிக்கப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தவர்கள், மடிப்பு என்னும் பொருளுடைய 'சைனஸ்' என்ற சொல்லை இட்டுவிட்டனர். வில்லின் நாண் சட்டை மடிப்பாக மாறிய கதை இது. மாணவர்க்கு இதனைச் சொன்னால் சிரிப்பார்கள்; சிரித்த பின் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது, வாய்பாட்டைத் தாமே செய்யும் விளையாட்டு. வரைபடத்தாளில் 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கால் வட்டம் ஒன்றை வரைக. மையத்தில் குண்டூசி குத்தி, அதில் ஒரு நூலைக் கட்டுக. நூலை இழுத்துப் பிடித்து 10 பாகை, 20 பாகை என்று திருப்பிக்கொண்டே போய், அது வட்டத்தை வெட்டும் இடத்தின் உயரத்தைக் கட்டங்களை எண்ணிக் குறித்துக்கொள்க. தொடங்குமுன் வகுப்பில் ஓர் ஊகப் போட்டி வைக்கலாம். "நூலின் முனை பாதி உயரத்திற்கு, அதாவது 5 சென்டிமீட்டருக்கு, எந்தக் கோணத்தில் வரும்?" என்று கேளுங்கள். தொண்ணூற்றின் பாதி நாற்பத்தைந்து அல்லவா, ஆகவே 45 என்று வகுப்பில் பெரும்பகுதி கூவும். அளந்து பார்த்தால் 30 பாகையிலேயே நூல் அங்கே வந்து நிற்கும். கோணம் இரட்டித்தால் சைன் இரட்டிக்காது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல இயலாது. கூட்டற்கோணச் சூத்திரம் கற்கும் காலத்தில், இரு கோணங்களின் சைன்களைக் கூட்டினால் கோணக் கூட்டலின் சைன் வந்துவிடும் என்று கல்லூரி மாணவரும் எழுதுகிறார்களே, அந்தப் பிழை இந்த நூலைத் திருப்பியவனுக்கு வாராது.

அட்டவணை இவ்வாறு அமையும்: 1.7, 3.4, 5.0, 6.4, 7.7, 8.7, 9.4, 9.8, 10.0. இப்போது ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு முந்தியதைக் கழிக்கச் சொல்லுங்கள். 1.7, 1.7, 1.6, 1.4, 1.3, 1.0, 0.7, 0.4, 0.2 என்று வேறுபாடுகள் தேய்ந்துகொண்டே வரும். ஆரியபட்டர் தம் அட்டவணையில் தந்தவை சைன்களல்ல. இந்த வேறுபாடுகளையே தந்தார். மூன்றே முக்கால் பாகைக்கு ஒன்றாக 24 எண்கள். முதலாவது 225, அடுத்தது 224, பின்பு 222, இப்படிக் குறைந்து இறுதி எண் 7 ஆகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 3438 வரும். அது அவர் கொண்ட வட்டத்தின் ஆரம். சுற்றளவை 21,600 கலைகளாகப் பகுத்தால் ஆரம் ஏறத்தாழ அத்தனை கலைகள் ஆகும். பத்தாம் வகுப்புப் பையன் நூலும் குண்டூசியும் கொண்டு செய்த அட்டவணையும் அந்தப் பேரறிஞரின் அட்டவணையும் ஒரே முறையில் தேய்ந்து செல்வதைக் காணும்போது அவன் முகத்தில் தோன்றும் மலர்ச்சிக்கு ஈடில்லை.

இனி வெளியே வருவோம். கோணம் அளக்கும் கருவி செய்யப் பணம் வேண்டுவதில்லை. கருவிப் பெட்டியிலுள்ள அரைவட்டப் பாகைமானி ஒன்று, ஒரு முழ நூல், நூலின் நுனியில் கட்ட ஒரு சிறு கல் ஆகியவை போதும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடும் தூக்குக்குண்டின் தத்துவமே இங்கும். பாகைமானியின் நேர்விளிம்பு மேலே இருக்குமாறு தலைகீழாகப் பிடித்து, மையத்துத் துளையில் நூலைக் கட்டித் தொங்கவிடுக. நேர்விளிம்பில் ஒரு காகிதக் குழலை ஒட்டி அதன் வழியே பார்க்க வேண்டும். கிடையாகப் பார்க்கும்போது நூல் 90-இல் நிற்கும். மர உச்சியை நோக்கிக் குழலை உயர்த்தினால் நூல் 90-ஐ விட்டு விலகும். எத்தனை பாகை விலகுகிறதோ அதுவே ஏற்றக் கோணம். ஏன் அவ்வாறு என்பதை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் அவசரப்பட்டுச் சொல்லிவிடலாகாது.

இக்கருவியைக் கொண்டு முதலில் ஆடவேண்டியது, வாய்பாடே தேவைப்படாத ஓர் ஆட்டம். தென்னை மரத்தை நோக்கியவாறு பின்னோக்கி நடந்துகொண்டே வாருங்கள். உச்சியின் ஏற்றக் கோணம் சரியாக 45 பாகை ஆகும் இடத்தில் நில்லுங்கள். மரத்தடிக்கும் உங்களுக்கும் உள்ள தொலைவோடு தரையிலிருந்து உங்கள் கண் இருக்கும் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம் கிடைத்துவிடும். கண் உயரத்தைக் கூட்ட மறப்பவர் அநேகர்; பாடநூல் கணக்குகளில் மனிதன் எப்போதும் தரையில் கண் வைத்தே பார்க்கிறான் அல்லவா!

வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒரே கட்டடத்தை ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு தொலைவிலிருந்து அளக்கச் செய்தால் போட்டி சூடுபிடிக்கும். விடைகள் ஒத்துவரா. ஒத்துவராமையே நமக்கு வேண்டியது. நூலும் பாகைமானியும் கொண்டு அளக்கும்போது ஒரு பாகைப் பிழை எளிதில் நேரும். 30 மீட்டர் உயரத்தை 45 பாகையில் அளக்கும்போது அந்த ஒரு பாகை ஏறத்தாழ ஒரு மீட்டர் பிழையைத் தரும். கட்டடத்தை ஒட்டி நின்று 75 பாகையில் அளப்பவருக்கும், நெடுந்தொலைவு சென்று 15 பாகையில் அளப்பவருக்கும் அதே ஒரு பாகை இரண்டு மீட்டருக்கு மேல் பிழை தருகிறது. ஆகவே அருகில் நிற்பதும் தவறு, தொலைவில் நிற்பதும் தவறு. 45 பாகையை ஒட்டி நிற்பவரே வெல்வார். எந்தக் குழு வெல்லும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் மாணவன் ஒருவன் எழுந்தால் அவன் டேன்ஜன்ட்டின் இயல்பை நன்கு அறிந்தவன் ஆகிறான். தேர்வுத்தாளில் வரும் கோபுரம் இந்தப் பாடத்தைக் கற்பிக்காது. ஏனெனில் அங்கே கோணங்கள் பிழையின்றியே பிறக்கின்றன.

மரத்தடிக்குச் செல்ல முடியாவிட்டால் என்ன செய்வது? குளத்தின் அக்கரையில் மரம் நிற்கிறது என்று கொள்வோம். இக்கரையில் ஓரிடத்தில் ஏற்றக் கோணம் 60 பாகை. அதே நேர்கோட்டில் பின்னோக்கி நடந்து 30 பாகை ஆகும் இடத்தில் நிற்கிறோம்; நடந்த தொலைவு 20 மீட்டர். மரத்தின் உயரம் என்ன? சூத்திரத்தைத் தேடாமல் படத்தை வரைந்து பார்த்தால் ஒரு நயம் புலப்படும். கோணம் பாதியாகிவிட்டதால், நாம் நடந்த தொலைவும் முதல் இடத்திலிருந்து மர உச்சிக்கு உள்ள சாய்வுத் தொலைவும் சமம். அங்கே அமைவது இருசமபக்க முக்கோணம். ஆகவே சாய்வு 20 மீட்டர்; உயரம் 20 × 0.866, அதாவது 17.3 மீட்டர், கண் உயரத்தை இதனோடு சேர்க்க வேண்டும். கடலில் செல்லும் மாலுமிகள் இதே தந்திரத்தைப் படுக்கை வாட்டில் ஆடுவார்கள். கலங்கரை விளக்கம் கப்பலின் போக்கோடு 25 பாகை காட்டும்போது குறித்துக்கொண்டு, 50 பாகை ஆகும்வரை செல்வார்கள். அதற்குள் கப்பல் ஓடிய தொலைவு எவ்வளவோ, அவ்வளவே விளக்கத்திற்கு அப்போதுள்ள தொலைவு. 25, 50 என்றில்லை. எந்தக் கோணமும் அதன் இரட்டையும் போதும்.

தொடாமலே அளக்கும் இந்த விளையாட்டை ஒரு துணைக்கண்டம் முழுவதும் ஆடியவர்கள் உண்டு. அதன் தொடக்கம் நம் சென்னையில்தான். 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படைத்துறையாளர் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலி கொண்டு பல வாரங்கள் பொறுமையுடன் அளந்தார். அந்த ஒரு நீளம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் ஒரு குன்றையோ கோபுரத்தையோ நோக்கிக் கோணங்களை அளந்தால், சைன் விதியால் மற்ற இரு பக்கங்களும் கிடைக்கின்றன. அப்பக்கங்களை அடிக்கோடுகளாகக் கொண்டு அடுத்த முக்கோணங்கள். அவற்றின் மேல் மேலும் முக்கோணங்கள். இவ்வாறு வலை பின்னிக்கொண்டே இமயம் வரை சென்றது அந்த அளவை. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856-இல் அறிவிக்கப்பட்டது இவ்வழியாகவே. அந்தக் கணிப்பில் இராதாநாத் சிக்தார் என்னும் வங்கக் கணித அறிஞர்க்குப் பெரும்பங்கு உண்டு. அளந்தவர்கள் சிகரத்தின் அடிவாரத்துக்கும் போகவில்லை; நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து கோணம் பார்த்தார்கள். 2020-இல் வெளியான உயரம் 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடி. பழைய கணக்குக்கும் இதற்கும் 30 அடியே வேறுபாடு.

தஞ்சையில் இந்த அளவைக்கு ஒரு சோதனை வந்தது. சமவெளியில் குன்றுகள் இல்லை. ஆகவே கோயிற் கோபுரங்களே லாம்ப்டனுக்குக் குன்றுகளாயின. 1808-இல் அரை டன் எடையுள்ள அவருடைய பெரிய கோணமானிக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலேற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்துபோயிற்று. வேறொருவராயின் அளவையையே கைவிட்டிருப்பார். லாம்ப்டனோ கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றி, வளைந்த வட்டத்தை ஆறு வாரம் பாடுபட்டு நிமிர்த்தி, மறுபடியும் வேலையைத் தொடர்ந்தார். வட்டம் வட்டமாக இராவிட்டால் கோணம் கோணமாக இராது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதனைப் பள்ளி மைதானத்தில் அப்படியே ஆடலாம். 20 மீட்டர் அடிக்கோடு ஒன்றைச் சுண்ணாம்பால் வரைக. இரு முனையிலும் பலகை வைத்துப் பாகைமானியைக் கிடையாகப் பதித்து, இரண்டு குண்டூசிகளை நேர்படுத்திக் கொடிக்கம்பத்தை நோக்குக. ஒரு முனையில் 70 பாகை, மறுமுனையில் 60 பாகை என்று வந்தால், கம்பத்தில் அமையும் மூன்றாம் கோணம் 50. எனவே 70 பாகை முனையிலிருந்து கம்பத்தின் தொலைவு 20-ஐ 60-இன் சைனால் பெருக்கி 50-இன் சைனால் வகுத்தது, அதாவது 22.6 மீட்டர். கணக்கிட்ட பின்பே நாடாவை எடுத்து நேரில் அளக்க வேண்டும். விடை ஒரு சாண் அளவுக்குள் நெருங்கிவிட்டால் வகுப்பு ஆரவாரிக்கும். அந்த ஆரவாரத்தைத் தலைமையாசிரியர் பொறுத்துக்கொள்வாராக.

சைனுக்கு ஒரு வளைவு உண்டு. மேடும் பள்ளமுமாக அலைபோல் செல்லும். பலர் இதனைப் புள்ளி புள்ளியாகக் குறித்து வரைந்திருப்பர். கத்தியால் ஒரே வெட்டில் வரைய முடியும் என்றால் நம்புவீர்களா? ஒரு தடித்த மெழுகுவர்த்தியை எடுத்து அதன்மேல் காகிதத்தை நாலைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றுக. பிறகு கத்தியைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டு, 45 பாகைச் சாய்வில் காகிதத்தோடு சேர்த்து வெட்டுக. (வாழைத்தண்டிலும் செய்யலாம் என்பார்கள், அதன் ஈரத்தில் காகிதம் நைந்துவிடும், மெழுகுவர்த்தியே மேல்.) காகிதத்தைப் பிரித்துப் பாருங்கள்: அதன் விளிம்பு அழகிய அலையாக இருக்கும். அதுவே சைன் வளைவு. காரணம் காண்பது கடினமன்று. வெட்டின் விளிம்பில் ஓர் எறும்பு சுற்றி வருவதாக எண்ணுக. மேலிருந்து பார்த்தால் அது வட்டத்தில் செல்கிறது. வட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்பது ஆரத்தைச் சைனால் பெருக்கிய அளவு. வெட்டு 45 பாகைச் சாய்வாதலால் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவே ஏறுகிறது அல்லது இறங்குகிறது. காகிதத்தை விரிக்கும்போது, எறும்பு சுற்றிய வட்டம் நேர்கோடாகவும், அதன் ஏற்ற இறக்கம் அலையாகவும் ஆகிவிடுகின்றன.

தகர வேலை செய்பவர்கள் இந்த வளைவை நன்கு அறிவார்கள், பெயர்தான் தெரிந்திராது. புகைக்குழாயைச் செங்கோணமாக வளைக்க வேண்டுமானால், தட்டையான தகட்டில் இந்த அலையை வரைந்து வெட்டி, பின்பே அதனைச் சுருட்டிப் பற்றவைப்பார்கள். அலை பிசகினால் இரண்டு குழாய்களும் ஒட்டமாட்டா. ஆய்வுக்கூடத்து இசைக்கவை எழுப்பும் ஒலியும், நம் வீட்டு மின்சாரமும், இந்தப் பேச்சைச் சுமந்துவரும் வானொலி அலையும் இதே வடிவத்தன. மாணவர்களைத் தகரக்கடைக்கு ஒருமுறை அழைத்துச் செல்வது, வளைவைப் பத்துமுறை வரைவதைவிட நன்று என்பேன்.

சீட்டாட்டம் பற்றியும் ஒரு சொல். சைன் 30, கொசைன் 60, அரை என்று அட்டைகளில் எழுதிக் குலுக்கி, சமமானவற்றைச் சேர்க்கும் ஆட்டம் பல பள்ளிகளில் நடக்கிறது. நல்லதே, நினைவு வலுப்படும். ஆனால் இதில் கோணமும் இல்லை, முக்கோணமும் இல்லை. பொருளறிந்த பின் ஆடினால் பயிற்சி. பொருளறியுமுன் ஆடினால் உருப்போடுதலின் வேறு வேடம். விளையாட்டு என்ற பெயர் பூண்ட யாவும் பாடமாகிவிடா. ஆட்டத்தின் வெற்றி கோணத்தைப் புரிந்துகொள்வதால் வருகிறதா, கைவேகத்தால் வருகிறதா என்று ஆசிரியர் பார்க்க வேண்டும்.

இரண்டு ஊர்ப் பள்ளிகள் சேர்ந்து ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. பகலும் இரவும் சமமாகும் நாள்கள் ஆண்டில் இரண்டு. மார்ச்சு 21-ஐயும் செப்டம்பர் 23-ஐயும் ஒட்டி வருவன. அன்று உச்சிவேளையில் சூரியன் நில நடுக்கோட்டிற்கு நேர் மேலே நிற்கும். ஆகவே ஒரு மீட்டர் உயரமுள்ள கோலைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நட்டால், அதன் நிழலின் நீளம் அவ்வூர் அட்சரேகைக் கோணத்தின் டேன்ஜன்ட்டே ஆகும். சென்னையில் ஏறத்தாழ 23.2 சென்டிமீட்டர், கன்னியாகுமரியில் 14.2 சென்டிமீட்டர். நம் முன்னோர் 12 அங்குலச் சங்கு நட்டு இந்நிழலை அளந்து ஊரின் இருப்பிடத்தைக் குறித்தனர். உச்சிவேளை என்பது கடிகாரம் 12 காட்டும் வேளையன்று. நிழல் மிகவும் குறுகும் வேளை. முற்பகல் பதினொன்றரை முதல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்து வந்தால் அது தானே புலப்படும்.

நிழலின் டேன்ஜன்ட்டிலிருந்து கோணத்தைக் கண்டால் சென்னைக்கு ஏறத்தாழ 13 பாகை, கன்னியாகுமரிக்கு 8 பாகை; வேறுபாடு 5 பாகை. வட்டத்தில் 5 பாகை 72-இல் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் வடக்குத் தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 553 கிலோமீட்டர். (பேருந்துச் சாலையின் தொலைவை எடுத்துக்கொள்ளலாகாது, சாலை வளைந்து செல்வது.) 553-ஐ 72-ஆல் பெருக்கினால் 39,816 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு கைக்கு வந்துவிட்டது! துருவங்கள் வழியாக உண்மைச் சுற்றளவு ஏறத்தாழ 40,008 கிலோமீட்டர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்த காரியத்தையே, இரண்டு கோல்களும் ஒரு தொலைபேசியும் கொண்டு பள்ளி மாணவர் செய்துவிடுகின்றனர்.

ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். சூரியன் புள்ளியன்று, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆதலால் ஒரு மீட்டர் கோலின் நிழல் நுனி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்திற்கு மங்கலாகப் படியும். எங்கே அளப்பது என்று சண்டை வரும். கோலின் உச்சியில் ஊசித்துளையிட்ட ஓர் அட்டையைப் பொருத்தினால், நிழலின் நடுவே சூரியனின் சிறு வட்டவடிவம் ஒளிரும்; அதன் மையத்தைக் குறித்துக்கொள்ளலாம். அளவில் இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் பூமியின் சுற்றளவில் நூற்றுக்கு இரண்டு பங்கு தவறும் என்பதை இரு பள்ளிகளும் நினைவில் வைக்கட்டும்.

மழைநாளில் வெளியே செல்ல முடியாதவர்களுக்குக் காகிதப் புதிர்கள் உண்டு. புள்ளிக் கோலம் போடத் தெரிந்த பெண்கள் முதற் புதிரை எளிதில் செய்வர். சமதூரத்தில் புள்ளிகள் இடுக. ஒரு புள்ளியிலிருந்து வலப்புறம் 2, மேலே 1 சென்று ஒரு புள்ளி. அதே தொடக்கப் புள்ளியிலிருந்து வலப்புறம் 3, கீழே 1 சென்று மற்றொரு புள்ளி. மூன்றையும் கோடிட்டு இணைக்க. தொடக்கப் புள்ளியில் அமையும் கோணம் எத்தனை பாகை? ஒன்றின் டேன்ஜன்ட் அரை, மற்றதன் டேன்ஜன்ட் மூன்றில் ஒன்று. வாய்பாட்டில் தேடினால் பாகையும் கலையுமாய்ச் சில்லறை எண்கள் வரும். ஆனால் பக்கங்களின் வர்க்கங்களை எண்ணுக: 5, 5, 10. ஆகவே அது இருசமபக்கச் செங்கோண முக்கோணம். கேட்ட கோணம் மிச்சமின்றி 45 பாகை. கூட்டற்கோணச் சூத்திரத்தைக் கோலமாவே நிறுவிவிடுகிறது.

மற்றொரு புதிர் கத்தரிக்கோலுக்கு உரியது. 8 கட்டம் நீளமும் 8 கட்டம் அகலமும் உள்ள சதுரத்தை எடுத்து, 5 கட்ட அகலமும் 3 கட்ட அகலமும் உள்ள இரண்டு பட்டைகளாக வெட்டுக. சிறு பட்டையை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். பெரிய பட்டையை, இணைபக்கங்கள் 5-உம் 3-உம் ஆன இரண்டு சரிவகங்களாக வெட்டுக. இந்நான்கு துண்டுகளையும் மாற்றி அடுக்கினால் 13 நீளமும் 5 அகலமும் உள்ள செவ்வகம் அமைகிறது. முன்பு 64 கட்டம், இப்போது 65. ஒரு கட்டம் எங்கிருந்து வந்தது? கண் இதற்கு விடை சொல்லாது, டேன்ஜன்ட் சொல்லும். முக்கோணத்தின் சாய்வு எட்டில் மூன்று, அதாவது 0.375, சரிவகத்தின் சாய்வு ஐந்தில் இரண்டு, அதாவது 0.4. கோணத்தில் ஒன்றேகால் பாகையே வேறுபாடு. நேர்கோடு போலத் தோன்றும் மூலைவிட்டம் நேர்கோடன்று. நடுவே ஊசிபோல் மெலிந்த இணைகரம் ஒன்று வாய் பிளந்திருக்கிறது. அதன் பரப்புத்தான் அந்த ஒரு கட்டம்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. 13-க்கு 13 சதுரம் ஒன்றை 8-உம் 5-உம் ஆன பட்டைகளாக வெட்டி, சிறு பட்டையை மூலைவிட்டத்திலும், பெரிய பட்டையை 8-உம் 5-உம் இணைபக்கங்களாகுமாறும் வெட்டி, 21-க்கு 8 செவ்வகமாக அடுக்கிப் பாருங்கள். 169 கட்டங்களாக இருந்தவை 168 ஆகிவிடும். முன்பு ஒன்று கூடியது, இப்போது ஒன்று மறைகிறது. இரண்டு சாய்வுகளையும் ஒப்பிட்டு, மறைந்த கட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.